கெய்ர்ன்: காயத்தைக் காயமாகவே நடத்தும் ஒரு சிறு கையேடு

எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்தவர்களுக்குக் கைகால்களை மீண்டும் அசைக்கப் பழக்குவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் மூவருடன் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி ரோல்பிளே விளையாட்டுகள் ஆடுவது என் நெடுநாள் விருப்பம். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் உறுத்தல் எனக்கு எப்போதும் இருந்துவந்தது. வாரம் முழுவதும் ஒரு மணிக்கட்டு அரை அங்குலம் கூடுதலாக வளைவதற்காகப் போராடிவிட்டு, ஞாயிறு மாலை வாள்வெட்டு வாங்கிய வீரன் ஓர் இரவு உறங்கி எழுந்து, ஒன்றுமே நடவாததுபோல் நடந்து செல்வதைப் பார்க்க நேர்ந்தது. அந்த உறுத்தலைப் பெருமளவு தீர்த்துவைத்த விளையாட்டு கெய்ர்ன். ஆறு மாதங்களாக அதை ஆடிவருகிறோம். அதன் மற்றச் சிறப்புகளைப் பற்றி எழுத இடமிருந்தாலும், போரில் படும் அடியையும் காயத்தையும் அது எப்படிக் கையாள்கிறது என்பதை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

யோஹாய் கால் எழுதி 2020-இல் வெளியான இந்தக் கையேடு மிகச் சிறியது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் அதை இறக்கித் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நடுவில் பின் அடித்துத்தான் வைத்திருக்கிறேன். பின்னர் விரிவான இரண்டாம் பதிப்பும் வந்திருக்கிறது. ஆனால் நாங்கள் ஆடுவது முதல் பதிப்பு, இந்த மதிப்புரையும் அதைப் பற்றியதே. கெய்ர்ன் என்ற சொல்லுக்குக் கற்குவை என்று பொருள். நம் ஊர்ப் பெருங்கற்காலப் புதைகுழிகளின்மேல் குவிந்திருக்கும் கற்களைத் தொல்லியலாளர்கள் அழைக்கும் அதே சொல். இருண்ட காட்டுக்குள் புதையலும் புதிரும் தேடிச் செல்பவர்களின் கதைக்கு அந்தப் பெயர் பொருத்தமானதே.

கெய்ர்ன் செய்திருப்பது என்னவென்று புரிய, அதற்கு முன்பிருந்த பழக்கத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் அர்னெசனும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஹிட் பாயிண்ட் என்ற ஓர் எண் உண்டு. அடிபட்டால் அந்த எண் குறையும்; சுழியத்தை அடையும்வரை ஆளுக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த முறையைத் தாம் முன்பு இரும்புக் கவசக் கப்பல்களின் போருக்காக வைத்திருந்த விதிகளிலிருந்து எடுத்ததாக அர்னெசன் பின்னாளில் கூறியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குப் பல விஷயங்கள் தெளிவாயின. கப்பலின் பக்கவாட்டில் பத்துக் குண்டுகள் பாய்ந்தாலும் அது மிதக்கும், பதினோராவது குண்டில் மூழ்கலாம். ஆனால் மனித உடல் அப்படி இயங்குவதில்லை. இதை உணர்ந்தே கைகாக்ஸ் 1979-இல், அனுபவம் மிகுந்த வீரனின் ஹிட் பாயிண்டில் பெரும்பகுதி சதையும் எலும்பும் அல்ல, அவனுடைய திறமையும் நற்பேறும் தெய்வத் துணையும்தான் என்று விளக்கம் எழுதினார். அந்த விளக்கம் நியாயமானது. ஆயினும், குறைந்த எண்ணை நிரப்பும் மந்திரத்தின் பெயர் தொடக்கத்திலிருந்தே காயத்தை ஆற்றும் மந்திரம் என்றே இருக்கிறது. குறைந்தது நற்பேறு என்றால் ஆறுவது எப்படிக் காயமாக இருக்க முடியும்? ஒரே எண்ணிடம் இரண்டு வேலைகளைக் கொடுத்ததால் வந்த முரண் இது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேர ஓய்வில் இழந்த ஹிட் பாயிண்ட் முழுவதும் திரும்பிவிடும் என்று விதி அமைந்தபோது அந்த முரண் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது.

இதற்கு மாற்றுத் தேடியவர்கள் முன்பே இருந்தார்கள். 1977-இல் வந்த டிராவலர் விளையாட்டில் தனியாக ஹிட் பாயிண்ட் கிடையாது. அடி நேராக வலு, சுறுசுறுப்பு, தாங்குதிறன் ஆகிய உடற்பண்புகளையே குறைக்கும், ஆகவே அடிபட்டவர் உண்மையிலேயே தளர்ந்துபோவார். அடுத்த ஆண்டு வந்த ரூன்குவெஸ்ட், தலை, மார்பு, வயிறு, இரு கைகள், இரு கால்கள் என்று உடலைப் பிரித்து ஒவ்வோர் உறுப்புக்கும் தனி எண் கொடுத்தது. அடி எங்கே விழுந்தது என்பதை இருபது முகப் பகடை சொல்லும். என் தொழிலுக்கு மிக நெருக்கமாக வரும் விளையாட்டு அதுதான். ஆனால் நான்கு பேர் ஆறு பகைவரோடு மோதும் சண்டையில் எழுபது உறுப்புகளின் கணக்கைத் தாளில் எழுதி அழித்து எழுதிக்கொண்டிருந்தபோது, காயத்தின் வலியைவிடக் கணக்கின் களைப்பே எங்கள் மேசையில் மிஞ்சியது.

கெய்ர்ன் இந்தச் சிக்கலை எண்களைக் கூட்டித் தீர்க்கவில்லை. ஒரே எண் சுமந்திருந்த இரண்டு வேலைகளைப் பிரித்துக் கொடுத்துத் தீர்க்கிறது. இங்கேயும் ஹெச்.பி. உண்டு, ஆனால் அந்த எழுத்துகளின் விரிவு ஹிட் பாயிண்ட் அல்ல, ஹிட் புரொடக்ஷன்; அது அடியிலிருந்து காக்கும் காப்பைக் குறிக்கிறது. தொடக்கத்தில் ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டி வருவதே ஒருவரின் ஹெச்.பி.; ஆக, ஒன்றிலிருந்து ஆறு வரைதான். அது இருக்கும்வரை உங்கள் உடலில் காயம் படவில்லை என்று பொருள். நீங்கள் விலகினீர்கள், குனிந்தீர்கள், கேடயத்தில் வாங்கினீர்கள், மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். அதனால் சிறிது நேரம் அமர்ந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் ஹெச்.பி. முழுவதும் திரும்பிவிடும் என்ற விதி இங்கே சிறிதும் உறுத்தவில்லை. திரும்புவது மூச்சுதானே தவிரச் சதை அல்ல.

ஹெச்.பி. தீர்ந்த பிறகு மிஞ்சும் அடி வலு என்ற பண்பில் இறங்குகிறது. மூன்று பகடைகளை உருட்டிப் பெற்ற அந்த எண்தான் இந்த விளையாட்டில் உடல். அடி அதைக் குறைத்தவுடன், குறைந்துபோன அந்தப் புதிய எண்ணை வைத்தே இருபது முகப் பகடையால் ஒரு சோதனை செய்ய வேண்டும். எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் காயத்தோடு தொடர்ந்து போரிடலாம். மேலே விழுந்தால் ஆள் வீழ்ந்தார். வீழ்ந்தவரால் தவழ்வதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது; யாராவது உதவி செய்து கட்டுப்போட்டால் நிலைபெறுவார், இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் இறந்துவிடுவார். இழந்த வலு திரும்புவதற்குத் தண்ணீர் போதாது; தேர்ந்த ஒரு மருத்துவரின் துணையோடு ஒரு வார ஓய்வு வேண்டும். முதல்முறை இந்த விதிகளைப் படித்தபோது, களைப்புக்கும் காயத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு விளையாட்டு இவ்வளவு தெளிவாகச் சொல்கிறதே என்று எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாயிற்று.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விதி, இந்த விளையாட்டில் அடி தவறுவதே இல்லை என்பது. பட்டதா படவில்லையா என்று தனியாக ஒரு பகடை உருட்டும் வழக்கம் இங்கே கிடையாது. ஆயுதத்தின் பகடையை உருட்டி, அதிலிருந்து கவசத்தின் எண்ணைக் கழித்தால் மிச்சம் அடி. குறுவாளுக்கு ஆறு முகப் பகடை, வாளுக்கு எட்டு முகம், இரு கைகளால் பிடிக்க வேண்டிய நெடுங்கோடரிக்குப் பத்து முகம். கவசம் எவ்வளவு அணிந்தாலும் மூன்றுக்கு மேல் போகாது. பலர் சேர்ந்து ஒருவரைத் தாக்கினால் எல்லாப் பகடைகளையும் உருட்டி மிகப் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே கூட்டத்தில் சிக்கியவர் அடிகளின் கூட்டுத்தொகையால் நொடியில் நசுங்கிவிடுவதில்லை, ஆனால் பெரிய அடி ஒன்று வந்தே தீரும் என்ற அச்சம் கூடிக்கொண்டே போகிறது.

இதன் விளைவை ஒரு கணக்கில் காட்டலாம். ஹெச்.பி. நான்கு உள்ள ஒருவர் கவசமில்லாமல் வாளேந்திய ஒருவனை எதிர்கொள்கிறார் என்று கொள்வோம். எட்டு முகப் பகடையில் மூன்று முகங்கள் அவரைக் காப்போடு விட்டுவைக்கும். ஒரு முகம் காப்பைத் துல்லியமாகச் சுழியத்துக்குக் கொண்டுவரும். மிச்சம் நான்கு முகங்கள், அதாவது பாதிக்குப் பாதி, முதல் வீச்சிலேயே உடலைத் தொட்டுவிடும். அவருடைய வலு பத்து என்றால், ஒரு புள்ளி மட்டும் குறைந்து ஒன்பதானாலும் சோதனையில் தப்பிக்கும் வாய்ப்பு 45 விழுக்காடுதான். இந்த எண்ணிக்கையைப் புரிந்துகொண்டவர்கள் வாளை உருவுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்கள். எங்கள் மேசையில் பேரம் பேசுவதும், பொறி வைப்பதும், ஓடிவிடுவதும் போருக்கு இணையான வழிகளானது இந்த விதி வந்த பிறகுதான்.

துல்லியமாகச் சுழியம் என்று சொன்னேனே, அங்கேதான் இந்தக் கையேட்டின் உயிர்ப்பகுதி இருக்கிறது. ஓர் அடி ஹெச்.பி.யைச் சரியாகச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால், மிச்சமும் இல்லாமல் குறையும் இல்லாமல் நின்றால், அந்த ஒரே அடியில் எத்தனை புள்ளி போனதோ அந்த எண்ணைக் கொண்டு தழும்புப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வரிகள். ஒன்றாம் வரி நிலைத்த தழும்பு. மூன்றாம் வரி தூக்கியெறியப்பட்டு முகங்குப்புற விழுதல். நான்காம் வரி எலும்பு முறிவு. ஐந்தாம் வரி சீழ்பிடித்த தொற்று. எட்டாம் வரி செவிடாதல். பத்தாம் வரி உறுப்பு துண்டாதல் அல்லது பயனற்றுப்போதல். பதினோராம் வரி, சிகிச்சை இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் சாவு. இந்த யோசனை கிறிஸ் மெக்டவால் உருவாக்கிய விளையாட்டுகளிலிருந்து வந்தது. உடைமைகளைத் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பும் முறையோ பென் மில்டனின் நேவ் விளையாட்டிலிருந்து வந்தது. இரண்டையும் யோஹாய் கால் இணைத்திருக்கும் பக்குவம் பாராட்டத் தக்கது, ஏனென்றால் முறிந்த கையால் எதைச் சுமக்க முடியும், எதை வழியில் போட்டுவிட்டு வர வேண்டும் என்ற கேள்வி தாளில் கண்கூடாக நிற்கிறது.

ஒன்றாம் வரியில் தழும்பு எங்கே என்று தீர்மானிக்க ஆறு முகப் பகடை: கழுத்து, கைகள், கண், மார்பு, கால்கள், காது. இந்த ஆறையும் படித்தபோது முதுகு இல்லை என்பது சட்டென்று கண்ணில் பட்டது. முகத்திலும் மார்பிலும் பட்டதை விழுப்புண் என்று போற்றி, முதுகில் பட்டதைப் புறப்புண் என்று நாணிய மொழியில் வளர்ந்தவர்களுக்கு அந்த இல்லாமை ஒரு செய்திபோலவே தோன்றும். ஆசிரியர் அப்படி எண்ணி எழுதியிருக்க மாட்டார். ஆயினும் எங்கள் மேசையில் ஒருவர் ஓடும்போது அடிபட்டால் பட்டியலைப் பார்க்காமல் முதுகு என்றே எழுதிக்கொள்வோம், அதைப் பற்றி ஊரில் யாராவது கேட்கும்போது அந்தக் கதாபாத்திரம் என்ன சொல்லும் என்பதிலிருந்து இரண்டு நல்ல காட்சிகள் எங்களுக்குக் கிடைத்தன.

தழும்பு தண்டனையாக மட்டும் இல்லை. கெய்ர்னில் அனுபவப் புள்ளிகளும் இல்லை, படிநிலைகளும் இல்லை. கதாபாத்திரம் வளர்வதற்கு உள்ள சில வழிகளில் இந்தப் பட்டியலும் ஒன்று. முறிந்த எலும்பு கூடிய பிறகு இரண்டு பகடைகளை உருட்டி, வந்த எண் பழைய ஹெச்.பி.யைவிட அதிகமாக இருந்தால் அதையே புதிய ஹெச்.பி.யாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் குழுவில் வில்லாளியாக ஆடும் தோழிக்கு மூன்றாவது வாரமே இது நேர்ந்தது. ஹெச்.பி. நான்கு, அடி நான்கு, எலும்பு முறிவு. பகடை கையைச் சொன்னது. வில்லுக்கு இரு கைகள் வேண்டும். அன்றைக்குத் தேடிச்சென்ற குகையின் வாயிலிலிருந்து நால்வரும் திரும்பினோம். அருகிலிருந்த சிற்றூரில் ஆறு வாரங்கள் தங்கினோம் என்று முடிவுசெய்து, அந்த ஆறு வாரங்களில் மற்ற மூவரும் என்ன வேலை செய்தோம், யாரோடு பழகினோம், யாருக்குக் கடன்பட்டோம் என்று ஒரு மாலை முழுவதும் ஆடினோம். கை கூடியதும் அவர் உருட்டிய இரண்டு பகடைகள் ஒன்பது காட்டின. நான்கு ஒன்பதாயிற்று. ஒரு முறிவு ஒரு கதையில் இவ்வளவு இடம் எடுத்துக்கொண்டதை வேறெந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

எனினும், எனக்கு முழு உடன்பாடு இல்லாத இடமும் இதுவே. காயம் எப்போதும் ஆளை மேம்படுத்தும் என்ற எண்ணம் இந்தப் பட்டியலின் அடியில் ஓடுகிறது. ஏறக்குறைய எல்லா வரியின் முடிவிலும் ஏதோ ஓர் எண் உயரக் காத்திருக்கிறது; கை துண்டானவர்கூட மனத்திடச் சோதனையில் வென்றால் மனத்திடம் கூடும். என் அனுபவத்தில் காயம் சிலரை உறுதியாக்குகிறது, சிலரை ஒடுக்கிவிடுகிறது, பெரும்பாலோரை முன்பிருந்தபடியே, முன்பைவிடச் சற்று மெதுவாக நடப்பவர்களாக விட்டுச்செல்கிறது. எண் உயராமலும் போகலாம் என்று விதி இடம் வைத்திருப்பது உண்மை. ஆனால் எது குறைந்தது என்பதைப் பல வரிகளில் அது எழுதவே இல்லை. கண்ணில் தழும்பு என்றால் பார்வை போயிற்றா, மங்கிற்றா, தோலில் மட்டும் கோடா? கையேடு பேசாமல் இருந்துவிடுகிறது. வார்டன் எனப்படும் ஆட்ட நடத்துநர் அதைத் தீர்மானிக்க வேண்டும். அனுபவமுள்ள நடத்துநருக்கு அது சுதந்திரம். முதல்முறை நடத்துபவர்களோ பெரும்பாலும் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் காயத்தை மறந்துவிடுகிறார்கள்.

இழந்த வலுவுக்கு எல்லாருக்கும் ஒரு வாரம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு புள்ளி இழந்தவருக்கும் எட்டுப் புள்ளி இழந்து சாவின் விளிம்பிலிருந்து மீண்டவருக்கும் அதே ஏழு நாள்கள். முன்கை முறிவு கூடவே ஆறு வாரங்கள் ஆகும், கீழ்க்கால் எலும்பென்றால் அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகலாம் என்பதை நாள்தோறும் பார்க்கும் எனக்கு இது விரைவுபடுத்தப்பட்ட ஒன்றாகவே தெரிகிறது. இழந்த ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் ஒரு வாரம் என்று நாங்கள் மாற்றிக்கொண்டோம். ஆட்டம் எங்கும் தடைபடவில்லை; மாறாக, வீழ்ந்தவரின் ஆட்டக்காரர் அந்த இடைவெளியில் வேறொரு துணைக் கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் பழக்கம் உண்டாயிற்று.

மூன்றாவது குறை, வலு என்ற ஒரே எண் இரண்டு பொறுப்புகளைச் சுமப்பது. பாறையைத் தள்ளும் திறனும் காயத்தைத் தாங்கும் திறனும் இங்கே ஒன்றே. மெலிந்த உடலோடு எண்பது வயது வரை நோயையும் விழுகாயத்தையும் தாங்கி நிற்கும் மூதாட்டிகளை நம் எல்லாருக்கும் தெரியும். இந்த விதியில் அப்படி ஒருவருக்கு இடமில்லை. டிராவலர் தாங்குதிறனைத் தனியாக வைத்ததன் நியாயம் இங்கே விளங்குகிறது. ஆனால் மூன்று பண்புகளோடு நிற்கும் கெய்ர்னில் நான்காவதைச் சேர்த்தால் அதன் எளிமை கெட்டுவிடும் என்பதால் நாங்கள் இதைத் தொடவில்லை.

சுழியத்தில் துல்லியமாக நிற்பது அரிது என்று சிலர் குறை சொல்வதுண்டு. மேலே சொன்ன வாளின் கணக்கில் அதன் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். நான் இதைக் குறையாகக் கொள்ளவில்லை. ஆறு மாதங்களில் எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஏழு தழும்புகள். ஒவ்வொன்றும் எங்கே, யாரால், எந்த மழைநாளில் பட்டது என்று எல்லாருக்கும் நினைவிருக்கிறது. மாலைக்கு ஒன்று விழுந்திருந்தால் அப்படி நினைவில் நின்றிருக்காது. மேலும், ஒருவரின் ஹெச்.பி. உயர உயரத்தான் பட்டியலின் கீழ்வரிகள் அவருக்குத் திறக்கின்றன. தொடக்கநிலை ஆளுக்கு ஆறுக்கு மேல் எதுவும் நேர முடியாது, ஒன்பது ஹெச்.பி. பெற்ற எங்கள் வில்லாளியால்தான் ஒன்பதாம் வரிவரை போக முடியும். தேர்ந்தவருக்குப் படும் காயம் பெரிதாகவே படும் என்ற இந்த ஏற்பாடு எங்கும் எழுதிச் சொல்லப்படவில்லை, கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

யாருக்கு இது ஏற்றது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பெரும் போர்க்களங்களில் நூறு பகைவரை வெட்டிச் சாய்க்கும் வீரரை ஆட விரும்புபவர்களுக்கு இது மனநிறைவு தராது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பே அவர்களுக்கு உகந்தது. உறுப்பு உறுப்பாகக் காயத்தை ஆராய விரும்புபவர்கள் ரூன்குவெஸ்ட் பக்கம் போகலாம். ஒரு மாலையில் விதிகளைப் படித்துவிட்டு அன்றே ஆடத் தொடங்கி, அடி என்றால் அஞ்ச வேண்டும் என்று நினைப்பவர்கள் தயங்காமல் கெய்ர்னை எடுக்கலாம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதே உரிமத்தில் பகிர்ந்தால் யாரும் மொழிபெயர்க்கலாம் என்ற ஏற்பாட்டோடு இது வெளிவந்திருப்பதால், தழும்புப் பட்டியலை மட்டும் எங்கள் மேசைக்காகத் தமிழில் எழுதி அட்டையில் ஒட்டியிருக்கிறோம். ஏழாம் வரிதான் அதிக நேரம் எடுத்தது. தொடையின் பின்புறத் தசைநாண் அறுதல் என்று தொழில்முறையில் சரியாக எழுதினேன், ஆனால் சண்டையின் நடுவில் அதை யாராலும் உரக்கப் படிக்க முடியவில்லை, முடக்கம் என்று சுருக்கினோம். பன்னிரண்டாம் வரி இன்னும் கடினமாக இருந்தது. சாவு மிக அருகில் வந்து எப்படியோ போய்விட்டது. ஆனால் அடுத்த முறை அந்த வலுச் சோதனையில் தோற்றால் கோரமான சாவு உறுதி என்பது அந்த வரி. விதியால் குறிக்கப்பட்டவர், நாள் எண்ணப்பட்டவர் என்றெல்லாம் எழுதிப் பார்த்தோம். வில்லாளியாக ஆடும் தோழி தம் பாட்டி சொல்லும் சொல்லை எடுத்துக் கொடுத்தார்: கண்டம். அட்டையில் அந்த ஒரு சொல்லை எழுதியதும், அதன் கீழே விதியை விளக்கி எழுத வேண்டிய தேவை எங்களில் யாருக்கும் இருக்கவில்லை.